பெயர் இல்லாத கால்கள்

செயற்கைக் கால் செய்து தரும் மையம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் மாவுக்கட்டு போட்டவன் நான். காலை இழந்தவர் வந்து உட்கார்ந்தால், மிச்சமிருக்கும் பகுதியின் மேல் ஈரக் கட்டுத்துணியைச் சுற்றி, இறுகியதும் உருவியெடுத்து, அந்த அச்சில் பதிவு எண்ணை எழுதிப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்புவேன். அதை வைத்து அவர்கள் காலைச் செய்வார்கள். என் அறைக்கு எதிரே, நடைவழியில், ஒரு மேசை இருந்தது. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

அவர் பதிவு எழுத்தர். நாங்கள் எல்லோரும் அவரைப் 'பாத்துடலாம் சார்' என்றுதான் சொல்வோம். மின்விசிறி ஓடவில்லையா, கதவு சாத்த முடியவில்லையா, தண்ணீர் மோட்டார் கத்துகிறதா, யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். தெரியாது என்று சொல்ல அவருக்கு வராது. அதைக் கர்வம் என்று நினைத்துவிடக் கூடாது. எதிரில் நிற்கிறவரின் முகம் வாடிவிடுமே என்று அவருக்கு ஒரு பயம். பாதி நேரம் எப்படியோ சரி செய்தும் விடுவார். மோட்டாரில் கை வைத்தபோது மட்டும், அவர் செய்ததைச் சரி செய்யக் குழாய் வேலைக்காரர் இரண்டு நாள் வர வேண்டியிருந்தது.

குட்டையான மனிதர். கழுத்தில் தையல்காரர் மாதிரி அளவு நாடா தொங்கும். சாமான் அறையில் திருகாணி எண்ணிக் கொடுக்கும் வேலைக்கு வந்தவர், தானாகவே தட்டச்சு கற்று, கணினியும் கொஞ்சம் கற்று, நடைவழி மேசைக்கு வந்து சேர்ந்தார். வருகிறவரை அவரே அளப்பார். பெயர், முகவரி, எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு மஞ்சள் அட்டையில் எழுதுவார். தூரத்திலிருந்து வருபவர்களை இரண்டு தடவை அலைய விடக் கூடாது என்று நான் அன்றைக்கே அச்சும் எடுத்துவிடுவேன். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்க் காத்திருப்பார்கள். வருடத்துக்கு இத்தனை கால் என்று கணக்கு உண்டு. முறை வர ஒன்றரை வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். கையில் சீட்டு ஏதாவது கொடுங்கள் என்று யாராவது கேட்டால், "பேரைச் சொன்னாப் போதும், எடுத்துடுவேன்" என்பார். எடுத்தும் விடுவார். நான்கு இரும்பு அலமாரி நிறைய இருந்த அட்டைகளில் எது எங்கே என்று அவர் கைக்குத் தெரியும்.

அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை செய்தார். பிள்ளைகள் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. சாயங்காலம் கடை வாசலில் நின்று மனைவியைக் கூட்டிக்கொண்டு நடந்தே போவார்.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கணினிப் பெட்டியும் ஒரு கடிதமும் வந்தன. எல்லா மையங்களும் தங்கள் பதிவுகளை டேட்டாபேஸ் சர்வரில் ஏற்ற வேண்டும், அடுத்த வருடத்திலிருந்து அதைப் பார்த்துத்தான் கால்கள் ஒதுக்கப்படும் என்று கடிதம் சொன்னது. சர்வரை நிறுவிக் கொடுக்க ஓர் இன்ஜினியர் வருவதாக இருந்தது. பதினான்கு மையங்களுக்கும் அவர் ஒருவர்தான். இரண்டு முறை தேதி சொன்னார், இரண்டு முறையும் வரவில்லை. அவருக்குப் பதிலாகப் பதினோரு பக்கக் கையேடு ஒன்று வந்து சேர்ந்தது.

எங்கள் மேலாளர் அம்மா கறாரானவர், ஆனால் நியாயமானவர். கையேட்டை எடுத்துக்கொண்டு நடைவழி மேசைக்கு அவரே வந்தார்.

"உங்களால முடியுமா? முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் எழுதிக் கேட்டு வேற ஆள் வரவழைக்கறேன்."

"பாத்துடலாம் மேடம்," என்றார் அவர்.

பஞ்சு மெத்தைத் தாள்கள் அடுக்கியிருந்த சின்ன அறையைக் காலி செய்து அதில் கணினியை வைத்தார்கள். என் அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான். கதவைத் திறந்து வைத்தால் அவர் தெரிவார். கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் சர்வரை நிறுவி முடித்தார். முடித்த பிறகு தலைமைக் கணக்குக்குக் கொடுத்த பாஸ்வேர்டு அவருக்கே திறக்கவில்லை. எந்த எழுத்தைத் தப்பாக அடித்தாரோ தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டாம் நாள் சர்வர் ஓடியது. ஆனால் நடைவழி மேசையில் இருந்த கணினிக்கு அது கண்ணில் படவே இல்லை. இன்ஜினியரைக் கூப்பிட்டார். புதிதாக நிறுவிய சர்வர் தான் இருக்கும் கணினியின் பேச்சை மட்டும்தான் கேட்கும், மற்ற கணினிகளின் பேச்சையும் கேட்கும்படி அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னார். மாற்றினார். சர்வர் எழுந்திருக்கவே மறுத்தது. மறுபடி கூப்பிட்டார். பக்கத்து வரியின் தலையில் இருந்த ஒரு குறியையும் சேர்த்து அழித்திருந்தாராம். அதைப் போட்டதும் எழுந்தது. அப்படியும் மேசைக் கணினிக்கு வழி திறக்கவில்லை. நடுவில் பாதுகாப்புக்கென்று ஒரு தடுப்பு இருந்தது. மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். இந்த முறை இன்ஜினியரின் பெருமூச்சு எனக்கே கேட்ட மாதிரி இருந்தது, அவர் முகம் அப்படிச் சுருங்கியது. போனை வைத்துவிட்டு வந்து, கையேட்டில் எல்லாம் இருக்கிறது, பொறுமையாக ஒரு தடவை படியுங்களேன் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் கையேட்டைப் பார்த்தே அந்தத் தடுப்பையும் திறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். என் கை முழுக்க மாவு. உள்ளேயிருந்து, எனக்கு அவர் வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"மாவு, கொஞ்சம் வாயேன். இதுல எது நம்ம எழுத்துக்கு?"

போய்ப் பார்த்தேன். கையேட்டின் ஏழாம் பக்கம் விரிந்திருந்தது. டேட்டாபேஸை உருவாக்கும் இடம். எழுத்துக் குறியீட்டை உங்கள் மொழிக்கேற்பத் தேர்ந்தெடுக்கவும் என்று ஒரே வரி. திரையில் ஒரு பட்டியல் தொங்கியது. நாற்பது பெயர் இருக்கும். எல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்த சங்கேதங்கள். நம் மொழியின் பெயர் எதிலும் இல்லை. அவர் தொடுவதற்கு முன்பே அதில் ஏதோ ஒன்று தேர்வாகியிருந்தது.

"அதுவா ஒண்ணைக் காட்டுதில்ல?" என்றேன். "செஞ்சவன் தெரியாமலா வெச்சிருப்பான்? அப்படியே விட்டுடுங்க சார்."

அவர் போனை எடுத்தார். எண்ணை அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மேசையில் வைத்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான் என் வேலைக்குத் திரும்பினேன்.

தப்பான எதையாவது கொடுத்தால் வாங்க மறுக்கும் கண்டிப்பு ஒன்று அந்த சர்வரில் உண்டு. போன் இல்லாதவர்களின் அட்டையைப் பதிந்து பார்த்தபோது அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதென்று அது மறுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் கண்டிப்பைத் தளர்த்த எட்டாம் பக்கத்தில் வழி இருந்தது. தளர்த்தினார். அதன்பிறகு எதைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கடைசியில் சோதனைக்காக ஆங்கிலத்தில் 'டெஸ்ட்' என்று அடித்து, பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று போட்டு, தேடினார். அப்படியே திரும்பி வந்தது. மேலாளர் அம்மா எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

அட்டைகளைக் கணினியில் ஏற்ற இரண்டு பெண்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். ஏழு வாரம் காலையிலிருந்து மாலைவரை அடித்தார்கள். நம் எழுத்தில் பெயரை அடிப்பார்கள், முகவரியை அடிப்பார்கள், அளவுகளை அடிப்பார்கள், பொத்தானை அழுத்துவார்கள். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வரும். உடனே அடுத்த அட்டைக்குக் காலிப் படிவம் வந்துவிடும். ஏற்றியதைப் பட்டியலாகப் பார்த்தால் எண்ணும் தேதியும் மட்டும்தான் தெரியும். நோயாளிகளின் பெயர் எல்லோர் கண்ணிலும் படக் கூடாது என்று தலைமை அலுவலகம் அப்படி அமைத்திருந்தது. தினமும் ஐந்து மணிக்கு அவர் எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுப்பார். அலுவலகத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அந்த டிஸ்க்கைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அவ்வளவு கவனமான ஆளை நான் பார்த்ததில்லை.

ஆறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு அட்டை. சர்வரிலும் அதே எண்ணிக்கை. பட்டறைக்குப் புதிய அடுப்பு ஒன்று வரவிருந்தது. அலமாரிகள் நின்ற சுவர் அதற்கு வேண்டும். அட்டைகளைக் காகித ஆலைக்கு அனுப்பிவிடும்படி கடிதம் வந்தது. எல்லாம் ஏறிவிட்டதா என்று மேலாளர் அம்மா கேட்டதற்கு, எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட விடுபடவில்லை என்று சொன்னார். அது உண்மைதான். லாரி வந்தது. அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செய்து முடித்திருந்த நாற்பத்தொரு கால்களுக்குப் பெயர்ச் சீட்டு அச்சிட்டார்கள். சர்வரிலிருந்து எடுத்த முதல் சீட்டுகள் அவை. பட்டறைக்காரர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து சீட்டைக் காட்டினார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அடுத்த காலிலும் அதேதான். நான் அதை எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போனேன்.

"சார், பேரைக் கேட்டா இது நம்மளையே கேள்வி கேக்குது பாருங்க," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவர் முதலில் அச்சு இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டார். அதை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு சின்ன அறைக்குப் போய் சர்வரையே திறந்தார். நான் பின்னாலேயே போனேன். பக்கம் பக்கமாக உருட்டினார். பெயர் இருந்த வரிசை முழுக்கக் கேள்விக்குறி. முகவரி, தொழில், குறிப்பு எல்லாம் கேள்விக்குறி. எண்ணாக இருந்தவை மட்டும் பிழைத்திருந்தன. பதிந்த தேதி, வயது, சென்டிமீட்டர், இடது என்றால் ஒன்று, வலது என்றால் இரண்டு, போன் எண். அவர் முகத்தில் ஈயாடவில்லை. உருட்டிக்கொண்டே இருந்தார், எங்காவது ஓரிடத்தில் ஒரு பெயராவது அகப்படாதா என்கிற மாதிரி.

இன்ஜினியரை நான்காவது முறையாக அன்றைக்குத்தான் கூப்பிட்டார். போனை மேசையில் வைத்து எனக்கும் கேட்கும்படி போட்டார்.

"எழுத்துக் குறியீடு என்ன வெச்சீங்க?" என்று இன்ஜினியர் கேட்டார். அவர் சொன்னார். இன்ஜினியர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கு நம்ம எழுத்து தெரியாது சார். தெரியாத எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு வெச்சிடும்."

"இப்ப மாத்திட்டா?"

"இனிமே அடிக்கிறது சரியா வரும். போனது போனதுதான். கேள்விக்குறிக்குக் கீழ எதுவும் ஒளிஞ்சிருக்கலை சார். உள்ளே இருக்கிறதே கேள்விக்குறிதான்."

அப்படியும் மாற்றிப் பார்த்தார். மாற்றிவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார். எதுவும் மாறவில்லை. பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து நகல் டிஸ்க்கை எடுத்தார். ஏழு வாரத்தில் எடுத்த ஒவ்வொரு நகலையும் திறந்தோம். எல்லா நாளின் கேள்விக்குறிகளும் பத்திரமாக இருந்தன.

அன்று மதியமே நாங்கள் இரண்டு பேரும் காகித ஆலையின் கிடங்குக்குப் போனோம். எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவலாளி நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மஞ்சள் அட்டை வந்தது நினைவிருக்கிறது என்றார். கெட்டி அட்டை சீக்கிரம் கரையாது என்று முதலில் அதைத்தான் போடுவார்களாம். போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. வேண்டுமானால் பாருங்கள் என்று உள்ளே கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டினார். சாம்பல் நிறக் கூழ் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் சார் அதன் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். வாங்க சார் என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். அதில் அந்த இன்ஜினியரும் ஒருவர். தலையை நிமிர்த்தவே இல்லை, பாவம். முடியுமா என்று கேட்டேன், முடியும் என்றார் என்று மேலாளர் அம்மா நடந்ததை நடந்தபடி சொன்னார். தெரியாத வேலையை ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று அவரைக் கேட்டார்கள். அவர் கழுத்து நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். அப்படியே விட்டுவிடச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். மாவுக்கட்டு போடுகிறவனுக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டார். நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முடிவில் அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். தலைமைப் பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு, புதுப் பதிவு போட மட்டும் அனுமதி உள்ள கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பழையவற்றை அவரால் பார்க்க முடியும், திருத்த முடியாது.

ஆறாயிரத்துச் சொச்சத்தில் பெரும்பாலோர் ஏற்கெனவே கால் வாங்கிப் போனவர்கள். அவர்கள் எப்போதாவது பழுது பார்க்க வருவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். காத்திருந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் நம் அழைப்புக்காக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. நூற்றுத் தொண்ணூற்றேழு பேருக்குப் போன் எண் இருந்தது. அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

கஷ்டம் என்னவென்றால், கூப்பிட்டதும் யாரைக் கேட்பது? "வணக்கம், கால் மையத்திலேர்ந்து பேசறேன். உங்க பேர் என்னங்க?" என்பார். பேர் தெரியாமல் எதற்குக் கூப்பிட்டாய் என்று அந்தப் பக்கம் கேட்பார்கள். ஏமாற்றுக்காரன் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். ஒரு பெண் அவரை ஐந்து நிமிடம் திட்டினார். கேட்டுவிட்டு, நீங்கள் சொல்வது சரிதான் என்றார். சில எண்கள் பக்கத்து வீட்டுக்காரருடையவை. ஒன்று ஒரு சைக்கிள் கடை.

"உங்க கடைப் பக்கம் இடது கால் இல்லாதவர் யாராவது இருக்காங்களா? அம்பத்தோரு வயசு," என்று கேட்டார்.

"ரெண்டு பேர் இருக்காங்களே. எவர் வேணும்?" என்றார் கடைக்காரர்.

இரண்டு பேரையும் வரச் சொன்னார். இரண்டு பேரும் வந்தார்கள். மறுபடி அளந்தோம். கால் போனபின் மிச்சமுள்ள பகுதி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும். பழைய அளவும் புதிய அளவும் ஒத்துப்போகாது. பதினான்கு சென்டிமீட்டர் என்று பதிவு, ஒருவருக்குப் பதின்மூன்றரை, இன்னொருவருக்குப் பதின்மூன்று. செய்து வைத்திருந்த காலை இருவருக்கும் மாட்டிப் பார்த்தோம். ஒருவருக்குப் பொருந்தியது. பொருந்தாதவர் எங்களிடம் பதிந்தவரே இல்லை, கூப்பிட்டார்களே என்று வந்தவர். கோபப்படவில்லை. வந்ததுதான் வந்தோம், நமக்கும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்.

போனில் நூற்று முப்பத்தொரு பேர் கிடைத்தார்கள். மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சனி, ஞாயிறுகளில் வீட்டு மேசையில் உட்கார்ந்து கேள்விக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி பின்னால் என்னிடம் சொன்னார். ஓர் எழுத்துக்கு ஒரு குறிதான் என்று முதலில் நினைத்தாராம். பிறகுதான் கொம்புக்குத் தனி, புள்ளிக்குத் தனி, துணைக்காலுக்குத் தனி என்று கண்டுபிடித்தார். ஆறு குறியில் என்னென்ன பெயர் அடங்கும், ஒன்பது குறியில் என்னென்ன அடங்கும் என்று தாள் தாளாக எழுதினார். நினைவில் இருந்த முகங்களை அதோடு பொருத்திப் பார்த்தார். எழுதிய பெயர்களை மனைவியிடம் படித்துக் காட்டி, இப்படி ஒரு பேர் உண்டுதானே என்று கேட்பாராம்.

"எல்லாமே பேர்தாங்க. யாரோட பேருன்னு அதுல இருக்கா?" என்று மனைவி ஒரு நாள் கேட்டார். அவர் பென்சிலை வைத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி எடுத்தார்.

வரிசையில் முதலாவதாக இருந்த ஆள்தான் அவரைப் படுத்தியவர். பதிந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆன பதிவு. வலது கால், முட்டிக்கு மேல், வயது முப்பத்து நான்கு. போன் இல்லை. ஆறு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, ஒன்பது கேள்விக்குறி. ஆணா பெண்ணா என்பதும் எழுத்தில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. அந்தக் கால் செய்து முடிந்து, முட்டி மூட்டு எல்லாம் பொருத்தி, அலமாரியின் ஓரத்தில் நின்றது. அந்தத் தேதி ஒரு வியாழக்கிழமை என்று காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்ப்பதெல்லாம் முட்டியும் தழும்பும்தான். அந்த அச்சை எடுத்து உள்ளே தடவிப் பார்த்தேன். உட்பக்கம் குறுக்காக ஒரு தழும்பு பதிந்திருந்தது. அது ஞாபகம் இருக்கிறது என்றேன். முகம் ஞாபகம் இல்லை.

பேருந்து நிலையங்களிலும் மருந்துக்கடைகளிலும் மருத்துவமனை வாசல்களிலும் அறிவிப்பு ஒட்டினார். இந்த மையத்தில் பதிந்தவர்கள் தயவுசெய்து ஒருமுறை நேரில் வரவும் என்று. வந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். அறிவிப்பைப் பார்க்காமலே, இன்னும் எத்தனை நாள் என்று கேட்க வந்து மாட்டிக்கொண்டவர்கள் இருபத்தேழு பேர். யாராவது நடைவழியில் ஊன்றுகோல் ஊன்றி வரும் சத்தம் கேட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். நூற்றுப் பதினாறு பேர் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் தலைமை அலுவலகம் அந்த நூற்றுப் பதினாறையும் வரிசையிலிருந்து நீக்கியது. கேட்பாரற்று நின்ற பதினேழு கால்களைப் பிரித்து உதிரிகளை வேறு கால்களுக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். தப்பென்று சொல்ல முடியாது. புதிதாக வந்தவர்களும் காத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். பட்டறைக்காரரும் நானும் ஒரே காலையில் பிரித்து முடித்தோம். பாதத்தை ஒரு பக்கம், குழாயை ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். குழிவான மேல்பகுதி ஒருவர் அளவுக்கே செய்தது, இன்னொருவருக்கு உதவாது. அவற்றைக் குப்பைக்கு எடுத்து வைத்தோம். அவர் வந்து வாசலில் நின்றார். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றார். நாங்கள் கையை நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்வது?

மூன்று வாரம் கழித்து ஒருவர் அக்காவோடு வந்தார். சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், இடது கால், முட்டிக்குக் கீழ். அளந்து பார்த்ததும் பிரித்துப்போட்ட பதினேழில் ஒன்று அவருடையது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வேலை போனதும் அக்கா வீட்டுக்குக் குடிபோய்விட்டார். போனும் மாறிவிட்டது.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன் சார்," என்றார். "அக்காதான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்னு கூட்டிட்டு வந்துச்சு."

எங்கள் சார் சர்வரில் அந்தப் பழைய பதிவைத் திறந்தார். தேதி சரியாக இருந்தது, அளவு ஏறத்தாழ சரியாக இருந்தது. பக்கத்தில் நீக்கப்பட்டது என்று இருந்தது. திருத்தப் பார்த்தார், உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மேலாளர் அம்மாவிடம் ஓடினார். மேலாளர் அம்மா அப்போதே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். பெயர் இல்லாத பதிவு இவருடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். எழுதி அனுப்புங்கள், பார்க்கிறோம் என்றார்களாம். எழுதி அனுப்பியதற்கு இரண்டு மாதம் கழித்து, புதுப் பதிவாகவே கொள்ளவும் என்று பதில் வந்தது.

அன்றைக்கு அவர் அந்த மனிதருக்கு எதிரில் உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அட்டை போனது, கால் செய்தது, பிரித்தது, எல்லாம் தன்னால்தான் என்று. மூட்டைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்காது.

"அப்போ இன்னும் எத்தனை நாளாகும்?" என்றார்.

"ஒரு வருஷம். கூடவும் ஆகலாம்."

மூட்டைக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், எழுத வேண்டியதைச் சீக்கிரம் எழுதுங்கள் என்றார். எழுதினார். நான் அச்சு எடுத்தேன். அவருக்குக் கால் கிடைக்கப் பதின்மூன்று மாதம் ஆயிற்று.

எனக்கு முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் மருந்துக்கடையில் அவர் மனைவியைப் பார்த்தேன். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்றார். தெருவில் ஊன்றுகோலோடு யாரையாவது பார்த்தால்தான் தொல்லையாம். எந்தக் கால் என்று பார்க்கிறாராம். வலது காலாக இருந்து முட்டிக்கு மேலேயும் இருந்துவிட்டால் பின்னாலேயே போய் வயசு என்ன, எங்கேயாவது பதிந்து வைத்தீர்களா என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார். ஒரு பெண்மணி சண்டைக்கே வந்துவிட்டாராம்.

"இப்பல்லாம் தூரத்துல கோலைப் பாத்தாலே நான் அவர் கையைப் பிடிச்சுட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன்," என்று சொல்லிக்கொண்டே என் மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.